குதிரில் எழுதிய வருஷம்

எங்கள் தோட்டத்து வீட்டில் சமையற்கட்டுக்குப் பக்கத்து அறையில் ஆளுயர மண்குதிர் ஒன்று இருந்தது. சோளம் கொட்டி வைப்பது. அந்தக் குதிரின் வயிற்றில்தான் நான் கரித்துண்டால் ஒரு முழு வருஷத்தை எழுதினேன். காகிதத்தில் எழுதியிருந்தால், அந்த வருஷம் என்னைப் படுத்திய பாட்டுக்கு, கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். குதிரைக் கிழிக்க முடியுமா? போகும்போதும் வரும்போதும் அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

இது இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால். எங்கள் தோட்டம் சங்ககிரி மலை தெரிகிற மேட்டாங்காட்டில் தனியாக இருந்தது. அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள பனைமரங்கள்தான். பக்கத்து ஊரில் ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வைகாசியில் வாத்தியார் வேறு ஊருக்குப் போய்விட்டார். போர்டிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். மாங்காய்க் காலம், பிள்ளைகள் பாதிப் பேர் மரத்தில் இருந்தார்கள். 'இத்தனை பேருக்கு ஒரு பள்ளிக்கூடமா' என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த பள்ளிக்கூடம் சங்ககிரியில். சின்னக் கால்களுக்கு அது தூரம், மழை பெய்தால் நடுவில் ஓடையும் வந்துவிடும்.

வீட்டில் இருந்தது நான், என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவியான அக்கா, எங்கள் இரண்டு பேர் பிள்ளைகள். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் வழக்கம் என்னவென்றால், கணவரின் அண்ணன் என்னோடு நேராகப் பேசமாட்டார், நானும் பேசக்கூடாது. எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் தூணைப் பார்த்துச் சொல்வார். நான் பதிலை என் மகனிடம் சொல்வேன். அன்றைக்கும் தூணைப் பார்த்துத்தான் சொன்னார்:

"பள்ளிக்கூடம் மூடிப்போட்டாங்க. ஊட்லதான் படிச்ச பொம்பள ஒருத்தி இருக்கறாங்களே. பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். நான் அடுப்படிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். என் அப்பா சூரமங்கலத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. சேலத்தில் எட்டாவது வரைக்கும் என்னைப் படிக்க வைத்தார். அதைக் கேட்டால் இந்த வீட்டில் ஏதோ சீமைக்குப் போய்த் திரும்பியவள் மாதிரி பார்ப்பார்கள். எட்டாவதில் படித்ததில் பாதி மறந்து, மீதி பால் காய்ச்சுவதிலும் களி கிண்டுவதிலும் போயிருந்தது. அது எனக்கல்லவா தெரியும்!

"பசங்களுக்கு" என்றாரே ஒழிய அவருடைய மூத்த பெண்ணை அவர் சேர்க்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. ஐந்தாவது முடித்தவள். அவளுக்குப் படித்தது போதும், அவளுடைய மாமனுக்குச் சொல்லி அனுப்பி அடுத்த முகூர்த்தத்தில் முடித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். மாமன் என்றால் எங்கள் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவருடைய பையன்தான் இவளுக்கு முறை மாப்பிள்ளை. பிறந்தபோதே பேசி வைத்தது.

பெண் அழவில்லை, ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அவள் அம்மா போய் இரண்டு வைத்தாள், அதற்கும் வரவில்லை. கடைசியில் மாமனே நேரில் வந்தார். நல்ல உயரம், பேச்சுக்கு முன்னால் சிரிப்பு வரும். குதிருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சத்தமாகச் சொன்னார்:

"ஏனுங் மச்சான், என்ற பையன் எங்கீம் ஓடிப் போயிர மாட்டான். அவனுக்கு இன்னும் மீசையே மொளைக்கல. ஒரு வருசம் நான் பொறுத்துக்கறேன். சின்னம்மா சொல்லிக் குடுக்கட்டும். வாற வைகாசில சேலத்துப் பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல பரீட்சை வெச்சுச் சேத்துக்கிட்டாங்கன்னாப் படிக்கட்டும். சேத்துக்கலீன்னா நம்ம ஊட்ல பந்தக்கால் நட்டுரலாம். என்னம்மிணி, சரிதானே? வெளிய வா, மாமனுக்குப் பசிக்குது."

அவள் வெளியே வந்தாள். இப்படித்தான் அவளுக்கு ஒரு வருஷம் கிடைத்தது. அந்த வருஷத்தை என் தலையில் வைத்துவிட்டு மாமன் மோர் குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டு போனார்.

நான்கு பிள்ளைகள், நான்கு படி. பெரியவள் முதல் பாரத்துப் பரீட்சைக்கு, அதாவது ஆறாம் வகுப்பில் சேர்வதற்கு, தயாராக வேண்டும்: பின்னக் கணக்கு, கட்டுரை, எல்லாவற்றுக்கும் மேல் இங்கிலீஷ். அவள் தம்பி மூன்றாவது. மனக்கணக்கில் புலி, கையில் குச்சியைக் கொடுத்தால் கை வலிக்கிறது, வயிறு வலிக்கிறது என்பான். என் மகன் அப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறவன், 'க' எழுதச் சொன்னால் அதைப் படுக்கப்போட்டு எழுதுவான். என் குட்டிப் பெண்ணுக்கு ஒன்றும் வேண்டாம், மற்றவர்கள் சிலேட்டைத் துடைக்க வைத்திருக்கிற கோவை இலையைத் தின்னாமல் இருந்தால் போதும்.

நானும் ஜம்பமாகத்தான் ஆரம்பித்தேன். குதிரில் கட்டம் போட்டேன். ஆனி முதல் வைகாசி வரை. ஆடியில் கடலை விதைப்பு, பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுவார்கள், அதனால் அந்த மாதம் வாய்ப்பாடு மட்டும். கார்த்திகையில் கடலைக்காய் பறிப்பு, அப்போது கட்டுரையை வாயால் சொல்லச் சொல்லலாம். தையில் பொங்கல், சோளத்தட்டு அறுப்பு. மாசியில் பருத்தி. மழைக்கு இடம் விட்டேன். நோம்பி, பண்டிகைக்கு இடம் விட்டேன். யாருக்காவது அம்மை போட்டால் என்று அதற்கும் இடம் விட்டேன். பெரியவள் வயசுக்கு வந்துவிட்டால் எல்லாம் போச்சு, அதற்கு மட்டும் இடம் விட எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும் யோசித்த மகராசி, ஒன்றை யோசிக்காமல் விட்டேன். அதற்கு வருகிறேன்.

முதல் வாரமே என் லட்சணம் தெரிந்துவிட்டது. பெரியவளுக்குப் பின்னத்தைச் சொல்லிக்கொண்டே அவள் தம்பிக்குச் சொல்வதெழுதுதல் நடத்துவது, அதே நேரத்தில் என் மகனின் கையைப் பிடித்து மணலில் எழுதவைப்பது, குட்டியின் வாயிலிருந்து இலையைப் பிடுங்குவது. இதெல்லாம் நடக்கும் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ! நான் தம்பிக்காரனுக்கு "ஆற்றில் வெள்ளம் வந்தது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே கன்று அவிழ்த்துக்கொண்டது. "ஐயோ கன்னுக்குட்டி அவுந்துக்கிச்சு, பாலையெல்லாம் குடிக்குது, ஓடு ஓடு!" என்று கத்தினேன். ஒருவரும் ஓடவில்லை. சிலேட்டை எட்டிப் பார்த்தால், வெள்ளம் வந்ததற்குக் கீழே கன்றுக்குட்டி அவிழ்ந்து பாலைக் குடித்து ஓடு ஓடு என்பது வரை அழகாக எழுதியிருக்கிறான், அதுவரைக்கும் ஒரு வரி எழுதாத பிள்ளை!

"ஏண்டா, இதையுமா எழுதுவே?"

"நீங்கதானுங் சின்னம்மா சொன்னீங்க."

அன்றைக்குக் காப்பிக்குப் பால் இல்லை. அக்கா கடலைத் தொலி உரித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தாள். அவள் எப்போதும் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருப்பாள். பாடம் நடக்கிற இடத்தில் இருப்பாள், பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். எழுத்து வாசனை கிடையாது. பேசினால் கருக்கென்று இரண்டு சொல், அதுவும் குறை சொல்வதாக இருக்கும். எனக்கும் அவளுக்கும் ஒத்தே போகாது. நான் வெடுக்கென்று பேசிவிடுவேன், அவள் பேசாமலே இருந்து என்னைக் கொல்வாள்.

இங்கிலீஷ் தனிப் பாடு. சூரமங்கலத்திலிருந்து அப்பா ஒரு வாசகப் புத்தகம் கொடுத்தனுப்பியிருந்தார். நான் படித்துக் காட்டுவேன், பெரியவள் திருப்பிச் சொல்வாள். நான் சொல்வது சரியா என்று கேட்கச் சங்ககிரி வரைக்கும் ஆள் இல்லை. அவள் என்னை நம்பி வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரியாது என்றும் சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன். நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது பங்காளிகள் சாவதை.

எங்கள் பங்காளி வகையறா பெரியது. திருச்செங்கோட்டைச் சுற்றி எந்த ஊரில் கல்லெறிந்தாலும் ஒரு பங்காளி மேல் விழும். அதில் யார் செத்தாலும் எங்களுக்குத் தீட்டு. தீட்டில் கோயிலுக்குப் போகக் கூடாது, அது எனக்குத் தெரியும். புத்தகம் தொடக்கூடாது என்பது இந்த வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. புத்தகம் சரஸ்வதியாம். சிலேட்டும் சரஸ்வதியாம். மணலில் விரலால் எழுதினால்? அதுவும்தானாம். ஆவணியில் ஒரு கிழவர் போனார். கருமாதி முடிகிற வரைக்கும் அக்கா எல்லாவற்றையும் துணியில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். இறக்கி வைத்து இரண்டு கணக்குப் போடுவதற்குள் இன்னொருவர். ஐப்பசியில் மழையோடு சேர்ந்து இரண்டு பேர்.

எனக்கு வந்ததே கோபம். "இவங்களுக்கெல்லாம் சாகறதுக்கு வேற வருசமே கெடைக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாயக் கழுவு."

இதற்கு நடுவில் புரட்டாசியில் ஒரு தடவை மட்டும் தப்பித்தோம். மோகனூர்ப் பக்கம் ஒரு பங்காளி செத்து, கருமாதியும் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சேதியே வந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டதோடு சரி. எனக்கு ஆச்சரியம்.

"ஏனுங்க்கா, அப்ப இத்தனை நாளும் நமக்குத் தீட்டு இல்லையா?"

"காதுல உழுந்தாத்தான் தீட்டு. கேக்காத வரைக்கும் என்ன?"

எனக்கு மூளை வேலை செய்தது. "அப்பச் சேதி சொல்ல வாறவனக் கடவுலயே நிறுத்தி, வாயத் தொறக்க உடாமத் திருப்பி அனுப்பிட்டா? பரீட்சை முடிஞ்சு வரச் சொல்லிட்டா?" என்றேன். கடவு என்பது எங்கள் வேலியில் ஆள் நுழைகிற திறப்பு. எழவுச் சேதி கொண்டுவருகிற ஆள் உள்ளே வரமாட்டார், அங்கே நின்றுதான் குரல் கொடுப்பார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "செத்தவங்கள மறைப்பாங்களா ஆராச்சும்? உங்க சூரமங்கலத்துல அப்படிப் பண்ணுவாங்களா?"

குதிரைப் பார்த்து முறைத்துக்கொண்டு போனேன்.

தை வந்தது, மாசி வந்தது. பருத்திக் காட்டுக்குப் பெரியவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் விரலெல்லாம் கீறலோடு வந்து, "சின்னம்மா, இன்னைக்குப் பாடம் இல்லீங்களா?" என்பாள். நானே சோர்ந்து கிடப்பேன். அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். மாமன் இடையிடையே வந்து போவார். வரும்போதெல்லாம் குதிரின் முன்னால் நின்று, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். "எந்தக் கட்டத்துல இருக்கோம்?" என்று கேட்பார். நான் விரலை வைத்துக் காட்டுவேன். "இன்னும் நெறையாக் கெடக்குதே" என்று சிரிப்பார். அவருக்கென்ன!

சித்திரையில் வந்தபோது அவர் சிரிக்கவில்லை. கண் மஞ்சளாக இருந்தது. காமாலைக்குக் கீழாநெல்லி சாப்பிடுவதாகச் சொன்னார். பெரியவளின் தலையில் கையை வைத்துவிட்டு, "சேலத்துக்குப் போகையில பயப்படாத அம்மிணி, மாமன் இருக்கறேன்" என்றார். காது குத்தினபோது அவர் மடியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். அவள் இன்னும் அந்தப் பிள்ளைதான் என்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டு போனார்.

வைகாசியில் பரீட்சைக்கு நாள் வந்தது. முதல் நாளே ரயிலேறிச் சூரமங்கலத்தில் என் அப்பா வீட்டில் தங்கி, மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போவதாக ஏற்பாடு. எங்களிடம் இருந்தது ஒரே வில்வண்டி. அதில்தான் விடியற்காலையில் சங்ககிரி ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு இருட்டோடு எழுந்தேன். அக்கா எனக்கு முன்பே எழுந்து கட்டுச்சோறு கட்டி அடுப்புமேட்டில் வைத்திருந்தாள். நான் பெரியவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். கடவுப் பக்கம் யாரோ குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள், பாதியில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். மங்கலில் அக்கா வேலியோரம் ஓடிப்போய் யாருடனோ நின்று பேசிக்கொண்டிருந்தாள். முந்தானை வாயில் இருந்தது. திரும்பி வந்தபோது கேட்டேன்.

"ஆருங்க்கா அது?"

"மாடு காணமாம். தேடிக்கிட்டு வந்தவன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் வரவில்லை. முருங்கை மரத்தடியிலேயே நின்றுகொண்டாள். "சோத்த நீயே எடுத்துக்க" என்றாள். பெரியவள் கிளம்பும்போது அம்மா காலில் விழக் குனிந்தாள். அக்கா சடாரென்று பின்னால் நகர்ந்துவிட்டாள். "இருக்கட்டும், இருக்கட்டும். நேரமாச்சு, போ." திருநீறு வைக்கச் சொன்னேன். அதற்கும் வரவில்லை. என் குட்டிப் பெண்ணைப் பார்த்து, "நீ வெச்சு உடு சாமி" என்றாள். குட்டி தூக்கக் கலக்கத்தில் அள்ளி மூக்கிலும் கண்ணிலும் பூசிவிட்டாள். பெரியவளின் முகம் சுருங்கிவிட்டது.

பெற்றவளா இவள்! ஒரு வருஷம் குழந்தை பட்ட பாட்டுக்கு, தலையில் ஒரு கை வைக்கக்கூட மனசு வராதா? வண்டியில் நான் கொதித்துக்கொண்டே போனேன். என் கணவரும் கூட வந்தார், அவர் எதற்கும் வாயைத் திறக்காதவர்.

"அம்மாவுக்கு எம்மேல கோவமுங்களா சின்னம்மா?" என்று பெண் கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு என்னைக்குத்தான் கோவமில்ல? நீ வாய்ப்பாட்டச் சொல்லு" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் தலைமை ஆசிரியை அம்மாள் பெரியவளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். நல்ல மாதிரியான அம்மாள். தமிழ் நன்றாக எழுதியிருக்கிறாள், கணக்கு ஒன்றுகூடத் தப்பில்லை என்றார். இங்கிலீஷில் படத்தைக் காட்டிப் பேசச் சொன்னார்களாம், வாயே திறக்கவில்லையாம். அது இல்லாமல் முதல் பாரத்தில் சேர்க்க முடியாது. "நல்ல குழந்தை. இன்னும் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

இன்னும் ஒரு வருஷம்! அது எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று அந்த அம்மாளிடம் எப்படிக் கேட்பேன்? சரிங்கம்மா என்று கும்பிட்டேன்.

பெண் ரயிலேறுகிற வரைக்கும் அழவில்லை. ஏறி உட்கார்ந்ததும் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, "வாயில வந்துச்சுங் சின்னம்மா. நீங்க சொல்ற மாதிரிதான் சொல்லலாம்னு பாத்தேன். அந்தம்மா வேற மாதிரி சொன்னாங்க. எது சரின்னு தெரியல" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

சங்ககிரி ஸ்டேஷனில் பண்ணையத்து ஆள் வண்டியோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்தார்.

"மாமன் போயிட்டாருங்க."

"எப்போ?" என்றார் என் கணவர்.

"நீங்க ரயிலுக்குப் போன அன்னைக்கு முந்தின ராத்திரிங்க. விடியாலயே சேதி வந்துருச்சு. அம்மா கடவுலயே அந்தாளு வாயப் பொத்தி நிறுத்திப்போட்டாங்க. வண்டி பனைமரம் தாண்டுன பெறகுதான் காட்ல போயி பெரிய எசமானருகிட்டயே சொன்னாங்களாம். அப்புறம் சின்னப் புள்ளைங்கள என்ற ஊட்ல உட்டுட்டு ரெண்டு பேரும் நடந்தே போனாங்க."

"நடந்தா?"

"வண்டி இல்லீங்களே."

மாமன் ஊர் எங்கள் தோட்டத்திலிருந்து நடையில் அரைப் பொழுது. வைகாசி வெயில். இரவே போன உடம்பை எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்?

"போறதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். மொகம் பாக்கலீங்க" என்றார் ஆள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. முந்தானையை ஏன் வாயில் வைத்திருந்தாள், ஏன் வீட்டுக்குள் வரவில்லை, ஏன் பெண்ணைத் தொடவில்லை. மாமன் செத்தான் என்று காதில் விழுந்த பிறகு எந்த வீட்டில் ஒரு பெண்ணைப் பரீட்சைக்கு வண்டியேற்றுவார்கள்? அவள் கேட்டுவிட்டாள், தீட்டு அவளோடு. எங்கள் காதில் விழாமல், மேலே படாமல், எட்டி நின்று அனுப்பினாள். கூடப்பிறந்தவன் செத்ததற்கு வாய்விட்டு ஒரு கத்தல் கத்தாமல், மாடு காணோம் என்றாள். இருந்த ஒரு வண்டியையும் எங்களுக்குக் கொடுத்தாள். நான் அந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு அவளைத் திட்டிக்கொண்டு போனேன்.

அதுவும் எதற்கு? பாஸாகியிருந்தாலாவது ஒரு பேச்சு உண்டு.

பெரியவள் வண்டியில் ஏறவில்லை. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமனும் போயிட்டாங்க, பள்ளிக்கூடமும் போயிருச்சு. அம்மாகிட்ட என்னன்னுங் சொல்றது?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினேன்.

அக்கா தன் தம்பி வீட்டில் மூன்றாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்தாள். கால் இரண்டும் கொப்புளம். குளித்துவிட்டு வந்து பழைய மூலையில் உட்கார்ந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

அவளே கேட்டாள். "என்னாச்சு?"

"கணக்கெல்லாம் சரியாப் போட்டாளுங்க்கா. இங்கிலீசு போதலையாம். அடுத்த வருசம் வரச் சொன்னாங்க."

"அப்பச் சேத்துக்கலியா?"

"இல்லீங்க்கா."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பெரியவள் குதிருக்குப் பின்னால் இருந்தாள். பழையபடி அங்கேயே போய்விட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அப்பா வந்து தூணைப் பார்த்து நின்றார்.

"சரி. ஒரு வருசம் கேட்டாங்க, குடுத்தாச்சு. செத்தவன் பேசுன பேச்சு நிக்கோணும். அவங்க ஊட்லயும் பொம்பள தனியாக் கெடக்கறா, ஒத்தாசைக்கு ஆள் வேணும். கண்ணாலத்த முடிச்சுப் போடலாம்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மகனைத் தேடினேன், பதில் சொல்ல. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"எந்த ஊட்ல பந்தக்கால் நடுவீங்க?"

"ஏன், அவங்க ஊட்லதான்."

"எழவு உழுந்த ஊடுங்க அது. ஊட்டு எசமானன் செத்து வருசம் திரும்பாம அந்த ஊட்ல மேளஞ் சத்தம் கேக்கலாமா? உங்க பங்காளிமாரு செத்ததுக்கெல்லாம் இந்தப் புள்ளை பொஸ்தகத்தத் தொட உட்டேனா நானு? பரண்மேல கட்டிக் கட்டிப் போட்டேனே. அதெல்லாம் மொறைன்னா இதும் மொறைதானுங்க."

அவர் தூணைப் பார்த்தார். தூண் என்ன சொல்லும்? "அதுஞ் சரிதான். வருசம் திரும்பட்டும்" என்று முனகிக்கொண்டு காட்டுப் பக்கம் போனார்.

அக்கா கொப்புளக் காலோடு எழுந்து போனாள். சாணிப் பாலைக் கரைத்துக்கொண்டு வந்தாள். குதிரில் நான் எழுதியிருந்த ஆனியையும் ஆடியையும் ஐப்பசியையும் துணியால் மெழுக ஆரம்பித்தாள். பின்னாலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். அவள் தலையில் அம்மா ஈரக் கையை வைத்தாள். மாமன் போன பிறகு இப்போதுதான் மகளைத் தொடுகிறாள்.

"உசுரோட இருக்கையில ஒரு வருசம் குடுத்தான் உங்க மாமன். போயும் ஒரு வருசம் குடுத்துட்டுப் போயிருக்கறான். வெளிய வா."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். தம்பியைச் சொல்லி, அவன் சிரிப்பைச் சொல்லி, காட்டில் மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் நான்கு பேரும் பயந்துபோய் நின்றார்கள்.

மெழுகினது காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். காய்ந்ததும் அவளே அடுப்பிலிருந்து கரித்துண்டு ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"புதுசா எழுது. இந்தத் தடவ எழவுக்கும் கொஞ்சம் எடம் உட்டு எழுது சாமி."

நான் கரியை வாங்கிக்கொண்டு குதிரின் முன்னால் போய் நின்றேன். எந்த மாதத்தில் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.